கரையைத் தோண்டவிட்ட சட்டம்

ஒரு காட்டு ஏரியின் கரையில் மஞ்சரி என்ற மைனா வாழ்ந்தது. அந்தக் காட்டுக்குச் சட்டம் போட ஒரு சபை இருந்தது. விலங்குகளும் பறவைகளும் வாக்களித்து அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்.

அந்த ஆண்டுத் தேர்தலில் மஞ்சரியும் நின்றது. ஆனால் அதன் பேச்சைக் கேட்க யாரும் வரவில்லை.

"வெறும் பேச்சுக்கு யார் வருவார்கள், தங்கச்சி? விருந்து போடு, கூட்டம் தானாக வரும்!" என்றது காட்டுப்பன்றி. "கிழங்கு என் பொறுப்பு!"

அப்படியே விருந்து நடந்தது. கூட்டம் திரண்டது. மஞ்சரி வென்றது.

கோடை வந்தது. பன்றிக் கூட்டம் ஏரிக்கரையைத் தோண்டித் தோண்டிக் கோரைக்கிழங்கு தின்றது. கரைக்குக் கீழே தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி பதறிப்போய் மஞ்சரியிடம் வந்தது.

"அக்கா! கரை நாளுக்கு நாள் மெலிகிறது. உடைந்தால் எங்கள் முட்டையெல்லாம் போய்விடும். யாரும் தோண்டக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டு வாருங்கள்!"

"கட்டாயம் கொண்டு வருகிறேன்!" என்றது மஞ்சரி. மனதாரத்தான் சொன்னது.

'ஏரிக்கரையை யாரும் தோண்டக் கூடாது.' இதுதான் அது முதலில் யோசித்த சட்டம். உடனே பன்றியின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த தேர்தலுக்கு விருந்து யார் போடுவார்கள்? மஞ்சரி வெகுநேரம் கிளையில் அங்குமிங்கும் நடந்தது. பிறகு 'மழைக்காலத்தில்' என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தது.

"கோடையில் தோண்டினால் என்ன ஆகிவிடப் போகிறது!" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டது.

சபை அந்தச் சட்டத்தை ஏற்றது. பன்றிகள் கோடையெல்லாம் தோண்டின. கோடை முடியும் முன்பே ஒரு பெருமழை கொட்டியது. ஏரி நிரம்பியது. கரை உடைந்தது.

மஞ்சரி பறந்து போய்ப் பார்த்தது. சேற்றில் ஆள்காட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. முட்டைகள் இல்லை.

"பன்றி என்னிடம் எதுவுமே கேட்கவில்லை! நம்பு!" என்று அழுதது மஞ்சரி.

"நம்புகிறேன், அக்கா. கேட்கும் வேலையைக்கூட அதற்கு நீங்கள் வைக்கவில்லையே!" என்றது ஆள்காட்டி.

மறுநாள் மஞ்சரி சபையில் எழுந்து, அந்தச் சொல்லை ஏன் சேர்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னது. சட்டம் திருத்தப்பட்டது.

அடுத்த தேர்தலில் மஞ்சரி விருந்து இல்லாமல் நின்றது. கேட்க வந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஆள்காட்டியும் இருந்தது. கடைசிவரை இருந்து கேட்டது. மரங்களுக்கு அப்பால் பன்றி ஒரு கிளிக்காகப் பெரிய விருந்து நடத்திக்கொண்டிருந்தது. கிளிதான் வென்றது.

ஒருவர் தயவில் பதவிக்கு வந்தால், அவர் வாய் திறந்து கேட்காவிட்டாலும் நம் நியாயம் அவர் பக்கமே சாய்ந்துவிடும்.