மழையில் ஏறிய படகு

முன்னொரு காலத்திலே, மரங்கள் வழிப்போக்கரிடம் ஊர் பேர் விசாரித்த காலத்திலே, ஆவாரங்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்களுக்கு மாயாஜாலக் கதை என்றால் உயிர். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் கதை முடியாமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகக் கதை எழுதியவர்கள் எல்லோரும் தை மாதத்தில் தங்கள் ஓலைக்கட்டை அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று நடுவர்கள் ஒவ்வொரு கட்டிலும் முதல் ஓலையை மட்டும் படிப்பார்கள். பிடித்தால் கட்டின் மேல் மல்லிகை வைப்பார்கள், பிடிக்காவிட்டால் எருக்கம்பூ. எருக்கம்பூ வாங்கிய கதையை ஊரில் ஒருவரும் தொட மாட்டார்கள்.

மலை மாதிரிக் கட்டுகள் குவிந்தால் பாவம், நடுவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? எனக்கும் அவர்கள்மேல் இரக்கம் உண்டு. கோபமும் உண்டு.

ஒரு வருஷம் உச்சினிநாதன் என்பவன் தன் முதல் கதையைக் கொண்டுவந்தான். தலைமை நடுவர் அறம்வளர்த்தாள் முதல் ஓலையைப் படித்தாள், கொட்டாவி விட்டாள், எருக்கம்பூ வைத்தாள். அவ்வளவுதான். உச்சினிநாதன் காட்டுக்குப் போய், அங்கே ஒரு குகையில் தங்கி மந்திரம் கற்றான். மந்திரக்கோலோடு திரும்பி வந்து மூன்று நடுவர்களையும் மைனாக்களாக்கித் தன் குகை வாசலில் இருந்த இலுப்பை மரத்தில் உட்கார வைத்தான்.

"என் கதையைக் கேள், முழுசாகக் கேள். உள்ளதைச் சொல், உள்ளபடி சொல். சொன்னால் இவர்கள் மனிதராவார்கள். பொய் கலந்தால் நீயும் பறவைதான்" என்று ஊராருக்கு அறிவித்துவிட்டுக் குகைக்குள் போய்விட்டான்.

முதலில் மந்திரி போனார். கதை பாதியிலேயே அவருக்குக் கண் சொக்கியது. முடிந்ததும் விழித்துக்கொண்டு, இப்படி ஒரு கதை ஈரேழு உலகத்திலும் இல்லை என்று புகழ்ந்து தள்ளினார். கோல் ஒரு ஆட்டம் ஆடியது, மந்திரி பச்சைக்கிளியானார். அடுத்துப் போன பண்டிதர் உஷாரானவர். புகழ்ந்தால்தானே ஆபத்து என்று, பிடித்திருந்த இடங்களையும் சேர்த்துக் குற்றம் சொன்னார். கோல் ஆடியது, பண்டிதர் மரங்கொத்தியானார். இன்றுவரை எதையாவது கொத்திக்கொண்டேதான் இருக்கிறாராம், நான் பார்த்ததில்லை.

மூன்றாவதாகப் போனவள் சிலம்பாயி, அறம்வளர்த்தாளின் ஒரே மகள். தகப்பன் இல்லாத பெண். அம்மா இல்லாத வீட்டுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. இலுப்பை மரத்தடியில் நின்று பார்த்தாள். மூன்று மைனாக்களில் எது அம்மா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு குகைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கேள், முழுசாகக் கேள். உள்ளதைச் சொல், உள்ளபடி சொல்" என்று உச்சினிநாதன் கட்டைப் பிரித்தான்.

ஒரு ராஜா. அவனுக்கு அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா. யார் எந்தக் குதிரையில் ஏறினார், குதிரைக்கு என்ன பெயர். சிலம்பாயி கொட்டாவியை விழுங்கினாள். ராஜாக்கள் ஒருவழியாகத் தீர்ந்து, ஒரு படகோட்டி வந்தான். மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். பெருமழை பெய்த ஒரு பகலில் அவன் துடுப்பை ஆற்றில் போடாமல் மழையில் போட்டான். படகு மழைத்தாரையைப் பிடித்து மேலே ஏறியது. மேகத்துக்கு மேலே ஒரு சந்தை. பூமியில் தொலைந்த சத்தங்களையெல்லாம் பானைகளில் அடைத்து விற்றார்கள். அவன் ஒரு சின்னப் பானையின் மூடியைத் திறந்தான். மகளின் சிரிப்பு கேட்டது. அதை வாங்க வேண்டுமானால் படகைக் கொடுத்துவிட வேண்டும், வீடு திரும்ப முடியாது. அவன் யோசிக்கவே இல்லை, துடுப்பை நீட்டினான்.

கதை முடிந்தது.

"சொல்லு, பெண்ணே" என்றான் உச்சினிநாதன். கோல் அவன் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஆரம்பம் நல்லா இல்லை. அந்த ராஜாக்களும் குதிரைகளும் வர்ற இடத்துல எனக்குத் தூக்கம் வந்துச்சு. எங்கம்மா எருக்கம்பூ வெச்சது அந்த ஓலைக்குத்தான். அந்த ஓலைக்கு அது சரிதான்."

கோல் ஆடவில்லை. உச்சினிநாதனின் முகம் கறுத்தது. மேலே சொல் என்றான்.

மீதியைச் சொன்னால் மரத்தில் இருக்கும் அம்மா காதிலும் விழுமே. சொல்லாமல் விட்டாலோ அதுவும் பொய்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"படகு மழையில ஏறினப்போ நான் எங்கம்மாவை மறந்துட்டேன், ஐயா. எதுக்கு இங்க வந்தேன்னுகூட ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டப்பவும் எங்கம்மா நினைப்பு வரலை. அந்தப் படகுக்காரருக்காகத்தான் அழுதேன்."

கோல் சுள்ளி முறிவதுபோல் இரண்டாக முறிந்தது. உச்சினிநாதன் கோபிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதான். அந்த மழை வரைக்கும் ஒரு ஆள் வந்து சேர வேண்டும் என்றுதான் அவன் எழுதினான். இத்தனை காலமாக ஒருவரும் வரவில்லை. அழுது முடித்ததும் ராஜாக்கள் இருந்த ஓலைகளை அவனே எடுத்து அடுப்பில் போட்டான்.

மைனாக்கள் மனிதரானார்கள். கிளியும் மரங்கொத்தியும்கூடத்தான், ஆனால் பண்டிதருக்குப் பழக்கம் போகவில்லை. அரசர் முதல் ஓலை வழக்கத்தை ஒழித்தார், சிலம்பாயியை நடுவராக்கினார். உச்சினிநாதனின் கதையை ஊரே உட்கார்ந்து கேட்டது. ஆனால் சிலம்பாயிக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வீட்டை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில் அறம்வளர்த்தாள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானும் கிளையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், தாயி. நீ கீழே உட்கார்ந்திருக்கே, தப்பாச் சொன்னா நீயும் பறவை ஆயிடுவேன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தப் படகு ஏறினப்போ, நானும் உன்னை மறந்துட்டேன்."

சிலம்பாயி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் சுகமாக இருந்தார்கள். இவ்வளவு நேரம் கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.