பின்பாதி கொஞ்சம் தொய்வு

ஆசிரியர் என்றால் தமிழில் இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் ஒருவர். பத்திரிகையில் நாம் எழுதியதை வெட்டுகிறவர் இன்னொருவர்.

பரஞ்சோதிக்கு பிலோமினா இரண்டாவது வகை ஆசிரியராகத்தான் வாய்த்தார். திருச்சியிலிருந்து ஒரு சினிமா மாத இதழை அவர் நடத்திக்கொண்டிருந்தார். பரஞ்சோதி ஆறு பக்கம் எழுதிக்கொடுத்த முதல் விமர்சனம் அதில் ஒன்றரைப் பக்கமாக வந்தது. அந்த ஒன்றரைப் பக்கம் நன்றாகவே இருந்தது என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

பிலோமினா அவரைவிட ஏழு வயது இளையவர். அதனால் பரஞ்சோதி அவரை "ஆசிரியரே" என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். பிறகு இதழ் நின்றுபோனது. கேலியும் நின்றுபோனது. கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

இப்போது பரஞ்சோதி தனி ஆள். சொந்தமாக ஒரு இணையதளம், ஒரு யூடியூப் சேனல். தயாரிப்பாளர்களிடம் கை நீட்டாதவர், டிக்கெட்டைக்கூடச் சொந்தச் செலவில் எடுக்கிறவர் என்று பெயர். பெயர் உண்மைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்தத் தொழிலில் வேறென்ன மிஞ்சுகிறது.

ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் "இந்த ஆண்டும் நானும்" என்று ஒரு கட்டுரை எழுதுவார். ஆண்டு முழுக்கச் செய்தது முன்பாதி. அடுத்த ஆண்டு செய்யப்போவது பின்பாதி. வெளியிடுவதற்கு முன்னால் பாலக்கரையில் பிலோமினாவின் வீட்டுக்கு வந்து அவரிடம் வாசித்துக் காட்டுவார். அவர் கையால் நாலு வரி வெட்டுப்பட்டால்தான் பரஞ்சோதிக்கு நிம்மதி.

இந்த முறை ஒரு மதிய நேரத்தில் வந்தார். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிலோமினா ஒரு கல்லூரிப் பாடநூலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களை ஒதுக்கிவிட்டு, கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் இருந்த டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

"படிங்க."

பரஞ்சோதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எவ்வளவு படங்கள் பார்த்தார், எத்தனை பேர் மிரட்டினார்கள், எந்த ரசிகர் மன்றம் அவர் படத்துக்கு மாலை போட்டது என்று வாசித்தார். மாலை போட்ட இடத்தில் பிலோமினா சிரித்தார். பரஞ்சோதிக்குக் குரல் எடுத்தது.

"இந்த ஆண்டின் பெரிய நிறைவு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். 'உப்புக்கால்வாய்' படத்தின் இயக்குநர் தவசி, முதல் படக்காரர், என் விமர்சனத்தைப் படித்த மூன்றாம் நாளே பின்பாதியிலிருந்து பதினான்கு நிமிடங்களை வெட்டி எடுத்தார். நேர்மையான விமர்சனம் ஒரு படத்தைத் திருத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்."

நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தம்பி இன்னிக்குக் காலைலகூட மெசேஜ் போட்டிருக்கு ஆசிரியரே."

போனை எடுத்து வாசித்தார்.

"சார், ஓடிடிக்கு நாளைக்குக் காலைல கடைசி காப்பி குடுக்கணும். குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. வெட்டினதைத் திரும்பச் சேர்க்கவா, அப்படியே விடவா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

"என்ன பதில் போட்டீங்க?"

"இன்னும் போடல."

"ஏன்?"

"கட்டுரையை முடிச்சுட்டுப் போடலாம்னு."

பிலோமினா ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மேல படிங்க."

"இனி, வரும் ஆண்டுக்கான என் இலக்குகள்" என்று பரஞ்சோதி ஆரம்பித்தார். பிலோமினா எழுந்தார். சமையலறைக்குப் போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பரஞ்சோதி நிறுத்தினார்.

"நீங்க பாட்டுக்குப் படிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் பாட்டுக்குப் படித்தார். கொல்லைக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் பிலோமினா வெயிலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே கொடியிலிருந்து துணி எடுத்தார். ஆளில்லாத நாற்காலிக்குப் பரஞ்சோதி தன் இலக்குகளை ஒன்றுவிடாமல் வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் குரலைக்கூட ஏற்றி இறக்கினார், பாவம்.

பிலோமினா இரண்டு தம்ளர் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா இருக்கு. முன்பாதி கச்சிதம். பின்பாதி கொஞ்சம் தொய்வு. கத்தரி போட்டிருக்கலாம்."

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது.

"என்ன ஆசிரியரே இது? பின்பாதியை நீங்க கேக்கவே இல்லையே! கொல்லைல துணி எடுத்துக்கிட்டிருந்தீங்க. ஒரு வரிகூடக் காதுல வாங்காம தொய்வுன்னு எப்படி..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

முகம் சிவந்தது என்று எழுத முடியாது, அவர் நிறத்துக்கு அது தெரியாது. காது மடல் சூடானது மட்டும் அவருக்கே தெரிந்தது. டீயை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"யார் சொன்னாங்க உங்ககிட்ட?"

"யாரும் சொல்லல. உங்க 'உப்புக்கால்வாய்' விமர்சனத்தைப் படிச்சேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"படத்துல அந்தப் பொண்ணு சைக்கிள் செயினை மாட்டிட்டு, கைக் கறுப்பைப் பாவாடையோட உள்பக்கத்துல துடைச்சுக்கும்னு எழுதியிருந்தீங்க. அந்த வரிக்காகத்தான் நான் படத்துக்கே போனேன். முன்பாதிக்கு அப்படி ஒரு பக்கம். பின்பாதிக்கு, இப்ப நான் சொன்னேனே, அந்த ஒரே ஒரு வரி. கண்ணால பாத்ததை எழுதினா உங்களுக்கு ஒரு வரி பத்தாது பரஞ்சோதி. வெட்டி வெட்டிக் கை வலிச்சவ நான்."

பரஞ்சோதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று படம் வெளியானது. அதில் ஒன்று பெரிய நடிகரின் படம். அதன் விமர்சனத்தை முதலில் போடுகிறவனுக்குத்தான் கூட்டம் வரும். 'உப்புக்கால்வாய்' இடைவேளை விட்டதும் எழுந்து வெளியே வந்தார். அந்தப் பெரிய படத்துக்கு ஆட்டோ பிடித்தார். போகிற வழியிலேயே போனில் இதன் விமர்சனத்தைத் தட்டினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முன்பாதியை எழுதி முடித்தாகிவிட்டது. பின்பாதிக்கு ஏதாவது எழுத வேண்டுமே.

"எந்தப் படத்துக்கும் பொருந்துமேன்னு அந்த வரியைப் போட்டேன்" என்றார்.

அது உண்மைதான். அளவெடுக்காமலே எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற ரெடிமேட் சட்டை அந்த வரி. இத்தனை வருஷத்தில் ஒருவரும் இறுக்கிப் பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்ததில்லை.

"அப்புறமாவது பின்பாதியைப் பாத்தீங்களா?"

"மனசு கேக்காம அடுத்த வாரம் போனேன் ஆசிரியரே. நெஜமாப் போனேன். அதுக்குள்ள வெட்டிட்டான்."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"நன்றி சார்னு மெசேஜ் போட்டிருந்தான். அதுக்கு என்னன்னு பதில் போடறது? கும்பிடற கை ஒண்ணு இருக்குல்ல, அதைப் போட்டுவிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மிகவும் இறங்கிவிட்டது. பார்க்காமல் எழுதியதைவிட அந்தக் கும்பிடு அவரை அதிகமாகக் கூசவைத்தது.

"சரி" என்றார் பிலோமினா. "இப்ப பின்பாதியைப் படிங்க. கேக்கறேன்."

"வேண்டாம் ஆசிரியரே."

"படிங்க."

பரஞ்சோதி தாளைத் தூக்கினார்.

"இலக்கு ஒன்று. முதல் காட்சி முடிந்த பத்தாவது நிமிடம் என் விமர்சனம் வாசகர் கையில் இருக்கும்."

நிறுத்தினார்.

"மேல."

"இலக்கு இரண்டு. புதிய இயக்குநர்களுக்கு, படத்தொகுப்பின் நுட்பங்களை நானே நேரில்..."

தாளை மடியில் வைத்துவிட்டார்.

"போதும் ஆசிரியரே."

"நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க கேக்கறதுதான் தாங்கல."

பிலோமினா டீயைக் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை. பரஞ்சோதி போனைக் கையில் எடுத்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணு பண்றேன். சேர்த்துக்கோன்னு பதில் போட்டுடறேன். காட்சி திரும்ப வந்துடும். அவனுக்கும் சந்தோஷம். யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம். சரிதானே?"

"அந்தக் காட்சி நல்லா இருக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எதை வச்சுச் சேர்க்கச் சொல்றீங்க?"

வந்த தெளிவு போய்விட்டது. இரண்டாம் தடவையும் பார்க்காமல் தீர்ப்பு எழுதப் போனதை நினைத்து அவருக்கு முதல் தடவையைவிட வெட்கமாக இருந்தது. ஆசிரியர் பக்கம் பார்க்காமலே தவசியின் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். ஏன் அப்படிப் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"சார்! நீங்களே கூப்பிடறீங்களே! மெசேஜ் போட்டிருந்தாப் போதுமே சார்."

"தவசி, அந்த வெட்டின காட்சி... அதுல என்ன வருது?"

தவசி சிரித்தான்.

"என்ன சார், மறந்துட்டீங்களா? மில்லு வாசல் கேட்டு சீன் சார். பொண்ணு திருப்பூர்ல வேலைக்குப் போயிடும். அப்பா பாக்க வருவாரு. அது மாடியிலேருந்து அவரைப் பாத்துட்டு இறங்கி வராது. அவரு அங்கயே குந்தி, கொண்டுவந்த சோத்தைத் தானே தின்னுட்டுப் போயிடுவாரு. வசனமே கிடையாது. நீங்க தொய்வுன்னு எழுதினது இதைத்தான் இருக்கும்னு எடுத்துட்டேன்."

"நான் அதைப் பாக்கல."

"என்ன சார்?"

"எழுதறப்ப பின்பாதியே பாக்கல தம்பி. இடைவேளைல எழுந்து வேற படத்துக்குப் போயிட்டேன். பாக்காமத்தான் எழுதினேன்."

அந்தப் பக்கம் யாரோ "என்னடா ஆச்சு?" என்று கேட்டது தூரத்தில் கேட்டது.

"எடிட்டர் வெட்டாதேன்னாரு சார்" என்றான் தவசி. குரலில் கோபம் இல்லை. "சண்டையே போட்டாரு. நாந்தான் கேக்கல. அந்த சார் காசு வாங்கிட்டு எழுதற ஆளு இல்ல, சொன்னாச் சரியா இருக்கும்னு சொன்னேன்."

"என்னை மன்னிச்சுடு தவசி."

"பரவால்ல சார்" என்று வழக்கம்போல வாயில் வந்தது அவனுக்கு. பிறகு, "இப்ப சேர்க்கவா, வேண்டாமா சார்?" என்றான்.

"அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லப்பா. உனக்கு என்ன தோணுது?"

"முன்னாடி எனக்குத் தெரிஞ்சுது சார்" என்றான் தவசி. "இப்ப தெரியல."



"வைக்கறேன் சார்" என்று அவனே வைத்துவிட்டான்.

பரஞ்சோதி போனைக் கவிழ்த்து வைத்தார். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இவன் திட்டாமல் போய்விட்டான். காசு வாங்காத ஆள் என்ற பெயரை இத்தனை வருஷம் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். அந்தப் பெயரை நம்பித்தான் ஒருவன் தன் படத்தில் கத்தரி வைத்திருக்கிறான்.

பிலோமினா ஒதுக்கிவைத்த மெய்ப்புத் தாள்களை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். ஆனால் படிக்கவில்லை.

பரஞ்சோதி கட்டுரையை நான்காக மடித்துப் பையில் செருகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"போதும் ஆசிரியரே. சேனலை மூடிடறேன். இனிமே நான் யார் படத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை எழுதறதா இல்ல. அதுக்குத்தான் இப்ப லாயக்கு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார்.

"பரஞ்சோதி."

அவர் திரும்பவில்லை.

"இப்பதான் இடைவேளை விட்டிருக்கு" என்றார் பிலோமினா. "வந்து உக்காருங்க."