டிரைவர் ஐயாவும் பட்டி நரியும்

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். ஓட்டுக்கூடம் ஒன்று, கிணறு ஒன்று, நாலு வேப்பமரம், அவ்வளவுதான். குருவின் பெயர் நீலாயி. வயது நாற்பது. அவருடைய சீடர் மருதையாவுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டிரைவர் ஐயா என்றுதான் கூப்பிடும். குருவும் அப்படித்தான்.

மடத்துக்குக் கீழே செல்லக்கிளியின் ஆட்டுப்பட்டி. புருஷன் இல்லாத அந்த வீட்டுக்கு ஆடுகள்தான் சோறு போட்டன.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் மடத்து வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"மூணாவது குட்டியும் போச்சும்மா. நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தா சரின்னு இருந்தேன். இப்ப புடுங்கிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்தம்பி அவுட்டுக்காய் வைக்கிறேங்கிறான்."

அவுட்டுக்காய் என்பது கோழிக்குடலில் பொதிந்து வைக்கும் வெடி. கடித்த வாய் சிதறிப்போகும். நரி வாயா நாய் வாயா என்று அது பார்ப்பதில்லை.

மருதையா பதறினார். "வேணாந் தாயி. அதுக்குள்ள நான் அதப் புடிச்சு மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுர்றேன். விடியக்காலம் நீ தண்ணிக்குப் போறப்ப பட்டிக்குக் காவலும் இருக்கேன்."

அன்றே ஒரு கூண்டு இரவல் வாங்கி, கருவாடு கட்டி வைத்தார். மறுநாள் கருவாடு அப்படியே இருந்தது. கூண்டின் தலைமேல் நரி எச்சம் போட்டுவிட்டுப் போயிருந்தது.

போகட்டும், காவல் இருக்கிறதே என்று துண்டை விரித்துப் பட்டி வாசலில் உட்கார்ந்தார். அது அவர் தியானம் செய்யும் நேரம். காவலும் ஆச்சு, தியானமும் ஆச்சு என்று கண்ணை மூடினார்.

செல்லக்கிளி குடத்தோடு திரும்பியபோது ஒரு குட்டி குறைந்திருந்தது. புதன்கிழமை இன்னொன்று. அன்று அவள் திட்டக்கூட இல்லை. பட்டிக்குள் போய்த் தாயாட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மருதையாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

குருவிடம் ஓடினார்.

"அம்மா, இந்த நரிய எப்படி அடக்குறது?"

"அது வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"தியானத்துல இருந்தேன்."

"சத்தம் ஏதும் கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கலம்மா. அவ்வளவு ஆழம்." சொல்லும்போது அந்தத் துக்கத்திலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

குரு பட்டிப் பக்கம் கை காட்டினார். "அது எங்க நின்னு, எப்படி வந்துச்சுன்னு பாத்துட்டு வாங்க."

மருதையா போய்ப் பார்த்தார். முப்பதடி தள்ளி ஒரு தட்டைப் பாறை. அதையொட்டிய மணலில் நரி வெகுநேரம் உட்கார்ந்திருந்த பள்ளம். அங்கிருந்து கால்தடங்கள் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக வந்தன. ஓடிவந்த தடம் இல்லை. பதுங்கிய தடமும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர் நடை. அவர் முழங்காலை ஒட்டிப் பட்டிக்குள் போயிருந்தது. விரித்த துண்டின் ஓரத்தில் ஒரு தடம் பதிந்திருந்தது.

மருதையா துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து குருவிடம் காட்டினார்.

"நாளைக்கு நான் உக்கார்றேன். நீங்க மரத்து மேல இருந்து பாருங்க" என்றார் குரு.

வியாழக்கிழமை விடியலில் குரு பட்டி வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்தார். பட்டியை ஒட்டிய வேப்பமரக் கிளையில் மருதையா மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

நரி வந்தது. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறும் பாறையாக இருந்த இடத்தில் நரி இருந்தது. அது குருவைப் பார்த்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியது. மறுபடி அதே இடத்தில் வைத்தது. ஒரு குட்டி வெளியே துள்ளி வந்து குருவின் மடியை முட்டிக் கத்தியது. குரு கண் திறக்கவில்லை. நரியும் நகரவில்லை. வெயில் பாறையில் ஏறும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு நரி எழுந்து உடம்பை நெட்டி முறித்துவிட்டு மலைப்பக்கம் போயிற்று.

மருதையா மரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"அம்மா, உங்க கண்ணும் மூடித்தான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்புறம் ஏன் அது கிட்ட வரல?"

குரு கூடத்துக்குப் போய் அந்தத் துண்டை எடுத்து வந்து, தடம் பதிந்த பக்கம் மேலே தெரிய மடித்து, அவர் கையில் கொடுத்தார். மருதையா அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கும் நான் தூங்கிட்டேன்னா?" என்றார்.

தூக்கம் என்ற சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நீங்களே உக்காருங்க" என்றார் குரு.

வெள்ளிக்கிழமை. செல்லக்கிளி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் வளர்க்கும் நாயும் வழக்கம்போல் அவள் பின்னால் போயிற்று. மருதையா கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் கழுத்து மெல்லச் சாய்ந்தது. எங்கோ மணல் நறநறத்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தார். சத்தம் நின்றது. மறுபடி கழுத்து சாய்ந்தது. மறுபடி மணல், இன்னும் கிட்டத்தில். நிமிர்ந்தார். நின்றது.

அதன்பிறகு அவர் சாயவில்லை. ஆடு அசைபோடுவது கேட்டது. தாய்மடியில் குட்டி வாய் வைத்துச் சப்புவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. எதிரே இன்னொரு மூச்சும் கேட்டது. பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு ஏன் இத்தனை சந்தோஷம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆறு வருடம் இந்த நேரத்தில் தினமும் உட்கார்ந்தவர், காலை என்பதை இன்றுதான் கேட்டார்.

முகத்தில் வெயில் பட்டதும் கண்ணைத் திறந்தார். ஒரு வேட்டி நீளத் தூரத்தில் நரி உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணில் பகை இல்லை, பயமும் இல்லை. அவரையே பார்த்தது. அவர் கை தானாகக் குவிந்தது. நரி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போயிற்று.

செல்லக்கிளி வந்து பட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லாக் குட்டியும் இருந்தன. கடைசியாகப் பிறந்த குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "தம்பிகிட்ட வேணாம்னு சொல்லிர்றேன் டிரைவரய்யா. ஆனா உங்கள நம்பித்தான் சொல்றேன்" என்றாள்.

மருதையா மடத்துக்கு வந்தார். குரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது இனிமே வராதுல்ல?"

"வரும். நாளைக்கும் வரும், நாளான்னைக்கும் வரும்."

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

குரு வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்களும் வந்துருங்க."