பச்சைக் கொடி பிடித்த கை

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. அந்த மலையடிவார ஆசிரமத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குரு நீலாம்பிகை சிறு வயதிலேயே அங்கே வந்து சேர்ந்தவர். ஏகாம்பரம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். வந்துவிட்டாரே தவிர, ஸ்டேஷன் அவரை விட்டுப் போகவில்லை. குளிக்கப் போவதற்குக்கூட நேர அட்டவணை வைத்திருந்தார்.

மலை உச்சியில் ஓர் ஏரி இருந்தது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது, குளிரும் காற்றும்தான். அதன் கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கிவிட வேண்டும் என்பது ஏகாம்பரத்தின் தீராத ஆசை. இரண்டு வருடம் போனார். இரண்டு தடவையும் காற்று தாங்கவில்லை என்று முதல் நாளே இறங்கி வந்தார். இந்த வருடம் டாக்டர் அவர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். ஏகாம்பரம் விடுவதாக இல்லை.

பதினோரு பக்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொண்டுவந்து குருவிடம் நீட்டினார்.

"எட்டு பத்துக்குக் கிளம்பறேம்மா. ரெண்டு நாற்பதுக்கு ஏரி. மூணு மணிக்குக் கூடாரம் தயார்."

"காத்து எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் குரு.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "நாலுக்கு மேலதான் வேகம் எடுக்கும். போன தடவையே குறிச்சு வச்சிருக்கேன்."

குரு எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். சாமான் பட்டியலில் ஒரு கம்பளி, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"மாசிலாமணியும் வரேன்னு கேட்டாராமே?"

மாசிலாமணி இன்னொரு சீடர், பழைய தையல்காரர். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறவர். வழியில் தென்படும் செடியை எல்லாம் நின்று குசலம் விசாரித்துவிட்டு நடப்பவர்.

"கேட்டாரும்மா. அவரோட போனா அட்டவணை அவ்வளவுதான். முடியாதுன்னுட்டேன்."

குரு காகிதங்களை மடித்து வைத்தார். "கூடாரத்தைக் கட்டிக் காட்டுங்க, ஐயா" என்றார்.

முற்றத்து வெயிலில் ஆறே நிமிடத்தில் கட்டி முடித்தார் ஏகாம்பரம். எட்டு முடிச்சு. இழுத்துப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை.

குரு கூடாரத்தை அவிழ்க்கச் சொல்லி, அதோடு அவரை ஓடைக்கு அழைத்துப் போனார். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், தொட்டாலே கடுக்கும். "இதுல கையை விடுங்க. நான் உங்க திட்டத்தைப் படிச்சுக் காட்டறேன்."

நாலாம் பக்கம் வருவதற்குள் விரல்கள் ஏகாம்பரத்தின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

"இப்போ கட்டுங்க."

கயிறு நழுவியது. பிடித்தார், மறுபடி நழுவியது. எட்டு முடிச்சில் இரண்டுதான் விழுந்தன. ஏகாம்பரத்துக்கு அவமானமாக இருந்தது.

"எல்லார்கிட்டயும் காத்துன்னுதான் சொன்னேன்," என்றார். "காத்து இல்லம்மா. கைதான்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பழகறேன்."

பழகினார். தினமும் காலையில் ஓடையில் கை, அப்புறம் கயிறு. பல்லால் இழுத்தார், முழங்கையால் அழுத்தினார். சமையல்கட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் ஏழு முடிச்சு விழுந்துவிட்டது. எட்டாவது மட்டும் மசியவில்லை. அதுதான் காற்றுப் பக்கத்துக் கயிறு.

ஏழாம் நாள் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"கடைசி முடிச்சுல விட்டுடறேம்மா. கயிறு தானா நழுவறதில்லை. வலி தாங்காம நானே விட்டுடறேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்ல."

குரு அவர் கைகளைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல மழைக்காலத்துலயும் கொடி பிடிச்சிருப்பீங்களே. கை விறைக்காதா?"

"விறைக்காம? ஐப்பசிச் சாரல்ல கொடிக்கம்பு கையில இருக்கா இல்லையான்னே தெரியாது."

"கீழே போட்டிருக்கீங்களா?"

"அது எப்படிம்மா?" ஏகாம்பரத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நாள் போட்டதில்லை. வண்டி நிறைய ஆளுங்க இருப்பாங்க."

குரு திட்டத்தை எடுத்தார். ஒரு டம்ளர் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினார்.

"அப்போ கூடாரத்துலயும் ஒரு ஆளு இருக்கட்டும். மாசிலாமணியை ரெண்டு ஸ்வெட்டரா எடுத்துக்கச் சொல்லுங்க."

ஏகாம்பரம் காகிதத்தை வாங்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, எட்டு பத்து என்பதை அடித்துவிட்டு, வழியில் வரும் செடிகளுக்கும் சேர்த்து ஆறு மணி என்று எழுதினார்.