புல்லுருவி மாப்பிள்ளை

காங்கேயம் பக்கத்தில் ராக்கியண்ணன் என்று ஒருவர் இருந்தார். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, காடு நிறைய வெள்வேல மரம், கிணற்றடியில் அரளி, பட்டியில் அறுபது செம்மறி. மகன் சென்னியப்பன், மகள் பாவாத்தாள். அவள் புருஷன் மயிலப்பனுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டு ஆடு மேய்த்தான்.

சென்னியப்பனுக்கு அது கண்ணை உறுத்தும். "ஊட்டோட ஒட்டிக்கிட்ட புல்லுருவி" என்று காதுபடவே சொல்வான். மயிலப்பன் ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான். பாவாத்தாள்தான், "இன்னொருக்காச் சொல்லிப் பாருண்ணா, உன்ற சோத்துல உப்பே இருக்காது" என்பாள்.

புல்லுருவி தெரியுமல்லவா? குருவி எச்சத்தில் வந்து கிளையில் ஒட்டி, அந்த மரத்துச் சாற்றையே குடித்து வளரும் செடி. அதன் வேர் மண்ணைத் தொடுவதே இல்லை.

ஒரு ஐப்பசியில் பட்டிக்குள் நோய் புகுந்தது. வயிற்றில் புழு. தாடை வீங்கி, கழிந்து, காலை மடக்கிப் படுத்த ஆடு எழவில்லை. ஊற்றிய மருந்தும் கேட்கவில்லை. எட்டு ஆடு போய்விட்டது. ராக்கியண்ணன் பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"படுத்ததை எந்திரிக்க வெச்சு, இனி ஒண்ணுகூடச் சாகாமக் காப்பாத்தறவங்களுக்கு என்ற மணிக்கிடாயைத் தாரேன்."

கழுத்து மணியோடு மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடாய் அது. அது யார் கையில் இருக்கிறதோ, அவர் பேச்சுத்தான் பட்டியில் நிற்கும்.

மறுநாள் சென்னியப்பனுக்கும் மயிலப்பனுக்கும் ஏதோ வாய்த்தகராறு. கோபத்தில் சென்னியப்பன் அரிவாளை எடுத்துப்போய் வெள்வேல மரத்துப் புல்லுருவியை வெட்டித் தள்ளினான். "ஒரு புல்லுருவியையாவது இன்னிக்கு ஒழிச்சேன்!" என்று விட்டெறிந்துவிட்டுப் போனான்.

மரத்தடியில் நோயோடு கிடந்த கிழட்டு ஆடு ஒன்று கழுத்தை நீட்டி அந்தத் தழையை இழுத்துத் தின்றது. பாவாத்தாள் பார்த்தாள். இன்னும் இரண்டு கொத்தை அதன் வாய்க்குப் பக்கத்தில் தள்ளினாள். மூன்றாம் நாள் புழுக்கை கெட்டிப்பட்டது. ஆடு எழுந்து நின்றது.

"அப்பா, ஓடியாங்க! இந்தத் தழையைத் தின்னுதான் எந்திரிச்சிருக்குது!"

அன்றிலிருந்து மகன், மகள், மருமகன் மூன்று பேரும் தழை அறுத்தார்கள். மயிலப்பன் முள் மரத்தில் ஏறி உடம்பெல்லாம் கீறிக்கொண்டு இறங்குவான். மறுபடி துளிர்க்கட்டும் என்று மரத்துக்கு ஒரு கொத்தை விட்டுவைப்பான். ஐந்தாம் நாள் சென்னியப்பன் பெரிய கட்டோடு வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இலையைப் பார்த்தால் அதே இலை. கட்டுக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது.

"இது எந்த மரமுங்க மச்சான்?" என்றான் மயிலப்பன்.

"எந்த மரமா இருந்தா உனக்கென்ன? எல்லாம் உன்ற கூட்டந்தான்!"

மயிலப்பன் கட்டைத் தூக்கிப்போய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டான். கைகலப்பே ஆகியிருக்கும், ராக்கியண்ணன் நடுவில் புகுந்து விலக்கினார்.

ஒரு மாதத்தில் ஐம்பத்திரண்டு ஆடும் எழுந்து மேய்ந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

"முதல்ல வெட்டிப் போட்டது நானு" என்றான் சென்னியப்பன்.

"நீ போட்டது குப்பை. அதை மருந்துன்னு கண்டது நானு" என்றாள் பாவாத்தாள்.

"நீயும் சொல்லு மாப்ள" என்றார் ராக்கியண்ணன்.

"நான் ஒரு கட்டைப் பொதைச்சனுங்க மாமா. அவ்வளவுதான்."

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: மணிக்கிடாய் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மயிலப்பனுக்கு. சென்னியப்பன் வெட்டியது கோபத்துக்கு, ஆட்டுக்கு அல்ல. பாவாத்தாள் கண்டது பெரிய காரியம்தான். ஆனால் அது படுத்ததை எழுப்பியது. 'இனி ஒண்ணுகூடச் சாகாம' என்ற மீதி வார்த்தையைக் காத்தது புதைத்த கட்டு. ரோஸ் இதழ் கிணற்றடி அரளியின் பூ. அரளியில் முள் ஏது, கீறல் விழ? புல்லுருவி தான் நிற்கிற மரத்தின் குணத்தையே குடிக்கும். வேல மரத்தில் மருந்து, அரளியில் விஷம். ராக்கியண்ணன் கிணற்றடிக்குப் போய் அரளியில் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்து மகனிடம் கேட்டார்: "அவனைப் புல்லுருவின்னயே, அவன் ஒட்டி நிக்கறது நம்ம ஊட்டு மேலதானடா? அப்ப அவன் நல்லவனா இருந்தா பெருமை யாருக்கு? கெட்டவன்னு சொன்னீன்னா கேவலம் யாருக்கு?" சென்னியப்பனே போய்க் கிடாயை ஓட்டிவந்து, "புடிங்க மாப்ள" என்று கயிற்றை நீட்டினான். மணி கணகணவென்று முன்னால் போக, ஐம்பத்திரண்டு ஆடும் மயிலப்பன் பின்னால் காட்டுக்குள் நுழைந்தன. அன்றைக்குச் சென்னியப்பன் சோற்றில் உப்பு சரியாக இருந்தது.