நெருப்பில் காணாமல் போன அறுபது முத்துகள்

விடை தெரிந்துவிட்டாலும் முடியும் வரை வாய் திறக்காமல் கேளுங்கள்.

வெண்மணல்துறை என்றொரு துறைமுகப் பட்டினம். அங்கே பண்டகசாலையைக் காத்துவந்தவள் உமையாள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்கும் குடும்பத்தில் பிறந்தவள். பதினோரு வருடக் காவலில் ஒரு கிராம்புகூடக் குறைந்ததில்லை.

வணிகர் சாத்தப்பர் தம் மகளின் திருமணத்துக்குச் செய்த முத்தாரத்தை ஒரு மண்குடுவையில் வைத்து மூடி அவளிடம் ஒப்படைத்திருந்தார். பன்னிரண்டு கழஞ்சுப் பொன், அறுபது முத்து. ஒரு பிற்பகலில் பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் இடி விழுந்தது. இரண்டு நாள் அடங்காமல் எரிந்த தீ, பண்டகசாலையையும் விழுங்கிவிட்டது.

சூடு ஆறியதும் ஊரார் முன்னிலையில் குடுவையைத் திறந்தார்கள். பொன் உருகிக் கட்டியாகக் கிடந்தது. அதன்மேல் கொஞ்சம் வெள்ளைத் தூள். முத்து ஒன்றுகூட இல்லை.

துறைத்தலைவர் கட்டியை நிறுக்கச் சொன்னார். சரியாகப் பன்னிரண்டு கழஞ்சு.

"பொன் அப்படியே இருக்கிறது. முத்து மட்டும் எப்படிப் போகும்?" சாத்தப்பர் உமையாளை நோக்கிக் கைநீட்டினார். "தீப் பிடிக்கும் முன்பே இவள் எடுத்துவிட்டாள்."

கணக்கர் அரங்கண்ணல் இரக்கப்பட்டுக் குறுக்கிட்டார். "அவசரப்படாதீர்கள். முத்தும் உருகிப் பொன்னுக்குள் கலந்திருக்கும். மறுபடி உருக்கினால் பிரிந்து வந்துவிடும்."

களவு உறுதியானால் குடும்பத்தோடு படகேற வேண்டும், திரும்பி வரவே கூடாது. அதுதான் அந்தத் துறையின் சட்டம். உமையாள் குடுவைக்குள் கைவிட்டு அந்தத் தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயா, முத்துகளை யாரும் எடுக்கவில்லை. இந்தத் தூள்தான் அவை. ஆனால் இனி அவை முத்தாகத் திரும்பி வராது."

கூட்டம் சிரித்தது. "சாம்பலைக் காட்டி முத்து என்கிறாயா?" என்று சீறினார் சாத்தப்பர்.

"சாம்பலா இல்லையா என்று நீங்களே பாருங்கள். கொஞ்சம் தண்ணீரும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போதும். நான் சொல்வது பொய்யானால், இப்போதே படகேறுகிறேன்."

தலைவர் தலையசைத்தார். தண்ணீரும் மஞ்சளும் வந்தன.

இனி நீங்கள் சொல்லுங்கள். களவு போனது என்றார் சாத்தப்பர். பொன்னில் கலந்தது என்றார் கணக்கர். தூளாய் மாறியது என்றாள் உமையாள். மூவரில் யார் சொன்னது சரி?

விடை: உமையாள் சொன்னதே சரி. தண்ணீர் பட்டதும் தூள் 'சுர்'ரென்று சீறிக் கொதித்தது, ஆவி பறந்தது. மஞ்சளைக் கலந்தாள், குங்குமமாய்ச் சிவந்தது. "சுண்ணாம்பு!" என்று ஊரே கத்தியது. சாம்பலும் மஞ்சளைச் சிவக்க வைக்கும், ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைக்காது. முத்தும் கிளிஞ்சலும் ஒரே பொருளால் ஆனவை. கடுந்தீயில் இரண்டும் சுண்ணாம்பாகும், அதன்பின் அதை மறுபடி முத்தாக்க எந்தப் பொற்கொல்லராலும் முடியாது. பொன்னுக்கோ உருவம்தான் மாறியது, பொருள் மாறவில்லை. முத்து அதில் கலந்திருந்தால் எடை கூடியிருக்குமே! சாத்தப்பர் எழுந்து எல்லோர் முன்னும் கைகூப்பினார். "வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள் தாயே." அவள் களங்கமற்றவள் என்று தலைவர் தெருத்தெருவாய் முரசறைவித்தார். முரசுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடந்தாள் உமையாள். துறையில் நின்ற மாலுமிகள்கூட அவள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள்.