ஆடிப் பெருக்கில் நின்றுபோன புத்தகம்

மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு தையல் கடை இருந்தது. அதன் மாடியில் ஒரு வாசகர் வட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கீழே மிஷின் சத்தம் ஓயும். மேலே வாய்ச் சத்தம் தொடங்கும்.

வட்டம் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். துணி வெட்டும் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். வந்தவர்கள் தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மேஜைமேல் வைப்பார்கள். ஒவ்வொருவராக அதைப் பற்றிப் பேசுவார்கள். கடைக்கார மெஹருன்னிசா சுண்டல் கொடுப்பார். சுண்டலுக்காகவே வருகிறவர்களும் உண்டு, அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம்.

அங்கே ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. புத்தகத்தைப் பாதிக்கு மேல் படித்திருக்க வேண்டும், ஆனால் முடித்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்தான் பேசலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் சிலர் பின் அட்டையை மட்டும் படித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் அளந்தார்கள். சிலர் முடித்துவிட்டு வந்து, கொலை செய்தது சமையல்காரன்தான் என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தார்கள். ஒரு தடவை சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அன்றைக்கே மெஹருன்னிசா சொல்லிவிட்டார்: "பாதி தாண்டாதவங்க கேளுங்க. முடிச்சவங்களும் கேளுங்க. நடுவுல இருக்கறவங்க பேசுங்க."

யார் நடுவில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? புத்தகத்தில் செருகியிருக்கும் அடையாளம்தான் சாட்சி. அடையாளம் இல்லாத புத்தகத்துக்கு அந்த மேஜையில் வாய் கிடையாது.

அந்த மேஜையில் ஒரு தடித்த நாவல் வாராவாரம் வந்து உட்கார்ந்தது. அதன் சொந்தக்காரர் வைரக்கண்ணு. பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிற பஸ்ஸே ஒரு கணம் தயங்கும் என்பார்கள். மைக் போய்விட்டது, குரல் போகவில்லை. மனைவி காலமாகிவிட்டார், மகள் துபாயில் இருந்தாள். அந்தக் குரலுக்கு மிச்சம் இருந்தது இந்த மேஜை ஒன்றுதான்.

அவருடைய நாவலில் அடையாளமாக இருந்தது ஒரு காலண்டர் தாள். தினமும் கிழிக்கிறோமே, அந்தத் தாள். ஆடி பதினெட்டு, திங்கட்கிழமை, ஆடிப் பெருக்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்துக்கும் அதற்கு முந்தின பக்கத்துக்கும் நடுவில் ஜம்மென்று நின்றது.

ஆமாம், கடைசிப் பக்கம். வைரக்கண்ணு மொத்தப் புத்தகத்தையும் படித்துவிட்டார். ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிக்காமல் வைத்திருந்தார். மனுஷர் மெதுவாகப் படிக்கிறவர். முடித்துவிட்டால் வேறொரு புத்தகத்தில் பாதி தாண்டும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அது அவரால் ஆகிற காரியமா? ஆகவே ஆடியில் செருகிய தாள் ஆடியிலேயே நின்றது. வெளியே தை பிறந்துவிட்டது.

அடையாளம் பின் அட்டையை ஒட்டி நிற்பது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. வயசில் பெரியவர், எத்தனை பக்கம் பாக்கி என்று திறந்து பார்க்காமல் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் யாருக்கு? கடைசிப் பக்கத்துக்குத்தான்.

மனிதர்கள் பேசுகிற நேரத்தில் புத்தகங்களும் பேசிக்கொள்ளும். மனிதர்களுக்கு அது கேட்காது. அவரவர் குரலே அவரவர் காதை அடைத்திருக்கும்போது எங்கே கேட்பது?

"எம்மேல பாரு, டீ சிந்தின கறை," என்று முந்தின பக்கம் பீற்றிக்கொள்ளும். "அதுக்கு முன்னாடி இருக்கறவ மேல ரெண்டு சொட்டுக் கண்ணீர். வெள்ளம் வர்ற அத்தியாயத்துல ஒருத்தன் மேல புளியோதரை. நீ மட்டும்தாண்டி அச்சாபீஸ்ல இருந்து வந்த மாதிரியே இருக்கே. கொடுத்து வச்சவ!"

"இதுக்குப் பேரு கொடுத்து வச்சதா?" என்று கடைசிப் பக்கம் பொருமும். "அச்சடிச்ச நாள்ல இருந்து ஒரு விஷயத்தை மனசுல வச்சிக்கிட்டு இருக்கேன். ஒரு கண்ணும் எம்மேல படலையே. ஒருத்தருகிட்டயாவது சொல்லாம, நான் எதுக்குப் பக்கம்னு இருக்கேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வைரக்கண்ணு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நாவல், ஓடக்காரர் மருதமுத்துவின் கதை," என்று தொடங்கினார்.

"போச்சுடா," என்றது பக்கத்துப் புத்தகத்தில் இருந்த ஓர் அடையாளம். அது ஒரு காலி மாத்திரை அட்டை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் புத்தகத்தில் இருந்தது. "ஓடக்காரரு வெள்ளத்துல ஓடம் விட்டது, முதலியார் வீட்டுப் பிரசவத்துக்கு அக்கரை போனது, பாலம் கட்ட ஆளு வந்தது. இதானே? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"உன் ஜெசிந்தா அக்கா இன்னிக்காவது பேசுவாங்களா?" என்று கடைசிப் பக்கம் கேட்டது.

"எங்கேர்ந்து பேசறது? உங்க ஆளு உட்காரும்போது கடை பூட்டற நேரம் ஆயிடும். எங்க அக்கா வாரா வாரம் சொல்றதுக்குன்னு மனசுல அடுக்கிக்கிட்டு வரும். சொல்லாமலே திரும்பிப் போகும். அதுக்குள்ள புத்தகமும் முடிஞ்சிடும், சட்டம் வாயை அடைச்சிடும். போன புத்தகம் அப்படித்தான் போச்சு. இதுலயும் இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. இன்னிக்கி விட்டா இதுவும் போச்சு."

கடைசிப் பக்கத்துக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. தன்னை யாரும் படிக்கவில்லை என்கிற துக்கத்தை மட்டுமே அது இதுவரை பெரிதாக நினைத்திருந்தது. தன்னைப் படிக்காததால் இன்னொருத்தி வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அதற்கு இப்போதுதான் உறைத்தது.

அது காலண்டர் தாளின் பக்கம் திரும்பியது.

"யோவ் ஆடிப் பெருக்கு! நீ கொஞ்சம் கீழே விழேன்."

"எதுக்கு?"

"நீ இல்லேன்னா அவரு பேச முடியாது. பேச முடியலேன்னா என்னைப் படிப்பாரு."

"நல்லா இருக்கே கதை!" என்றது காலண்டர் தாள். "இன்னிக்கி எவ்வளவு விசேஷமான நாள்! ஆத்துல புதுத் தண்ணி. சனங்க தாலிக்கயிறு மாத்தறாங்க. இந்த நாள்ல போயி என்னை விழச் சொல்றியே."

"அது எப்பவோ முடிஞ்சு போச்சுய்யா. இப்ப தை மாசம்."

"வாயைக் கழுவு! என் நெத்தியில என்ன போட்டிருக்குன்னு படி. ஆடி பதினெட்டு."

"எதிர்ச் சுவத்துல காலண்டர் மாட்டியிருக்கு. தலையைத் திருப்பிப் பாரேன்."

"அது கிழக்குச் சுவரு. திங்கட்கிழமை கிழக்கே சூலம். அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்."

மாத்திரை அட்டை விழுந்து விழுந்து சிரித்தது. கடைசிப் பக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"நெசத்தைச் சொல்லு," என்றது. "உனக்குத் தெரியும்தானே?"

காலண்டர் தாள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு வெள்ளத்தின் நடுவில் இருந்தார்.

"தெரியாம என்ன?" என்றது கடைசியில், குரலைத் தாழ்த்தி. "மத்த நாளெல்லாம் கிழிச்ச அன்னிக்கே குப்பைக்குப் போச்சு. நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன். இவரு இந்தப் பக்கத்தைப் படிக்காத வரைக்கும் எனக்கு உத்தியோகம் இருக்கு. விழுந்தேன்னா காலையில வெட்டுத் துணியோட சேர்த்துக் கூட்டித் தள்ளிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு, போதுமா?"

கடைசிப் பக்கத்தின் கோபம் தணிந்துவிட்டது. பயந்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

"உன் நாள் நல்லபடியா வந்துச்சு," என்று அது மெதுவாகச் சொன்னது. "எல்லாரும் ஆத்துக்குப் போனாங்க. சித்ரான்னம் சாப்பிட்டாங்க. பொழுது சாஞ்சதும் கையை உதறிட்டு வீட்டுக்கு வந்தாங்க. அதனாலதான் அது விசேஷம். முடியாத ஆடிப் பெருக்குக்குப் பேரு வெள்ளம்யா. இவரைப் பாரு, உன்னால அந்த வெள்ளத்துலயே நிக்கறாரு. கூட இருக்கறவங்களையும் முழுக அடிக்கறாரு."

காலண்டர் தாள் தயங்கித் தயங்கிக் கிழக்குச் சுவரைப் பார்த்தது. அங்கே தை மாதம் பளிச்சென்று தொங்கியது.

"அட, பொங்கலே போயிடுச்சா!" என்றது. அடுத்த நொடி அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வைரக்கண்ணு ஓடம் கவிழ்ந்த கட்டத்துக்கு வந்தார். அந்தக் கட்டம் வந்தால் புத்தகத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டுவது அவர் வழக்கம். ஆட்டினார். இவ்வளவு நாளும் பிடியை விடாத காலண்டர் தாள் அன்றைக்கு விட்டது. மின்விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

வைரக்கண்ணுவின் பேச்சு அப்படியே நின்றது. பறந்தது என்னவென்று அவர் பார்க்கவில்லை. ஆனால் கையில் இருந்த புத்தகத்தில் அடையாளம் இல்லை.

அவர் மேஜைக்கடியில் குனிந்தார். சுண்டல் தட்டைத் தூக்கிப் பார்த்தார். மற்றவர்களும் தேடினார்கள்.

"கிடைக்கலேன்னா விடுங்கண்ணே," என்றார் மெஹருன்னிசா. "அடையாளம் இல்லேன்னா முடிச்சாச்சுன்னு அர்த்தம். அடுத்தவங்க பேசட்டும்."

"நான் எங்கம்மா முடிச்சேன்?" என்று வைரக்கண்ணு பதறினார். "கடைசிப் பக்கம் பாக்கி இருக்கே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கடைசிப் பக்கமா? ஒரே ஒரு பக்கமா?" என்றார் மெஹருன்னிசா. "ஆடியிலேர்ந்து அந்த ஒரு பக்கத்தையா அண்ணே படிக்கறீங்க?"

மேஜையே கொல்லென்று சிரித்தது. வைரக்கண்ணுவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"முடிச்சுட்டா நான் என்னம்மா பேசுவேன்?" என்றார். மைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "வீட்டுல செவுத்துக்கிட்டயா பேசறது? வாரத்துக்கு ஒரு நாளு இங்க நாலு பேரு என் முகத்தைப் பாக்கறாங்க. அதுவும் போயிடுமேன்னு இருந்தேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மெஹருன்னிசா எழுந்து வந்து அவர் முன்னால் சுண்டல் தட்டை நகர்த்தி வைத்தார்.

"பேசினாத்தான் உங்க முகத்தைப் பாப்போமா? என்ன அண்ணே நீங்க!" என்றார். "புத்தகத்தைத் திறங்க. அந்தப் பக்கத்தை இங்கேயே எங்களுக்கும் சேர்த்துப் படிங்க. அந்த மருதமுத்து என்ன ஆனாருன்னு தெரியாம எங்களுக்கும் மண்டை காயுது."

வைரக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாக ஒரு விரல் கடைசிப் பக்கத்தின்மேல் பட்டது. அவர் படித்தார்:

பாலம் கட்டியாகிவிட்டது. ஓடக்காரர் மருதமுத்து ஓடத்தை விற்றுவிட்டு, ஒரு நாள் அந்தப் பாலத்தில் நடந்து போகிறார். பாதி வழியில் ஒரு மூதாட்டி எதிரே வருகிறாள். வயதுப் பெண்ணாக இருந்த நாள் முதல் அவருடைய ஓடத்தில் அக்கரைக்குப் போய் வந்தவள். மருதமுத்து அவளை நிறுத்துகிறார். "ஆயுசு முழுக்க உன்னை அக்கரைக்குக் கொண்டு போய் விட்டேன். எதுக்குப் போறேன்னு ஒரு நாளும் கேக்கலையே தாயி. எதுக்குப் போனே?" என்று கேட்கிறார். அவள் கைப்பிடிச் சுவரில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பிக்கிறாள். மருதமுத்து அவள் பக்கத்தில் உட்காருகிறார். கதை அதோடு முடிகிறது.

வைரக்கண்ணு புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். அவர் கண் கலங்கியது.

"முப்பது வருஷம்," என்றார். "எந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு நானும் ஊருக்கெல்லாம் சொன்னேன். எதுக்குப் போறீங்கன்னு ஒருத்தரையும் கேட்டதில்லையே."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வைரக்கண்ணு எதிரே பார்த்தார். ஜெசிந்தா தன் புத்தகத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டை அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"நீ என்னம்மா படிச்சிக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

ஜெசிந்தாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அது... ஒரு பொண்ணு சார்," என்று ஆரம்பித்தாள். அப்புறம் மளமளவென்று வந்தது. எவ்வளவு நாள் அடுக்கி வைத்தது! மெஹருன்னிசா கடை பூட்டுகிற சாவியை எடுத்துத் திரும்ப மேஜை இழுப்பறைக்குள்ளேயே போட்டுவிட்டார். வைரக்கண்ணு முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அதுவும், "அப்புறம்?" என்று கேட்கத்தான்.

மேஜைமேல் முந்தின பக்கத்துக்கு ஆவல் தாங்கவில்லை.

"ஏண்டி, கடைசியில உன்னையும் படிச்சுட்டாரு. இத்தனை நாளா எங்களைப் பத்தி வாய் ஓயாம பேசினவராச்சே. உன்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"என்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலை," என்றது கடைசிப் பக்கம், பெருமை பிடிபடாமல். "எதிர்ல இருந்தவளைக் கேட்டாரு."